நெடுநேரம் தீண்டப்படாத பக்கம்

கணினிப் பாடநூலைத் தமிழில் எழுதக் கூடியிருந்த ஐந்து பேரில் மூத்தவரான பேராசிரியர் சிவசைலம், தன் பத்தியைத் தானே ரசித்தபடி வாசித்தார். நினைவகத்தில் இடம் குறைவு. அதனால் நெடுநேரம் தீண்டப்படாத தரவுப் பக்கத்தை இயங்குதளம் வெளியே அனுப்பிவிடும். வேலை வந்தால் மட்டும் உள்ளே அழைக்கும். “தொடப்படாதன்னு போடலாமே சார்” என்றார் இளம் விரிவுரையாளர் செம்மலர். “ரெண்டும் ஒண்ணுதானேம்மா. தீண்டப்படாதங்கிறதுல ஒரு ஓசை இருக்கு பாரு.” மற்றவர்கள் தலையாட்டினார்கள். “வெளிய கிடந்தாலும், கணக்குல எல்லாமே உள்ள இருக்கிற மாதிரிதான் காட்டுவோம். மெய்நிகர் நினைவகத்தோட அழகே அதுதான்” என்று சிரித்தவர், சட்டென்று முகம் சுளித்தார். “அந்த வெளியிடத்துக்குத்தான் ஒரு நல்ல சொல் சிக்கலை. ஸ்வாப்னு இங்கிலீஷ்லயே எழுத மனசு வரலை. கூப்பிட்டா உள்ள வரணும், வேலை முடிஞ்சா திரும்பிப் போயிடணும், அங்கயே தங்கிடக் கூடாது. இப்படி ஒரு இடத்துக்கு இவ்வளவு பழைய மொழியில பேரே இல்லையா?” எல்லாரும் மின்விசிறியைப் பார்த்து யோசித்தார்கள். செம்மலர் தன் தேநீர்க் குவளையை மேசையின் நடுவில் வைத்தார். “இருக்கு சார். எங்க வீடு அங்கதான்.” மற்ற மூவரும் ஒருவர்பின் ஒருவராகக் குனிந்துகொண்டார்கள். சிவசைலம் மட்டும் ஆவலோடு பேனா மூடியைக் கழற்றினார். “அப்படியா? சொல்லும்மா, எழுதிக்கிறேன்.”