மாவில்லாத அடுப்பு

வரலாற்று ஆசிரியர் ஜெபநேசனும் தமிழாசிரியை தில்லைநாயகியும் ஒன்பதாம் வகுப்பில் ஒரே பாடவேளையைக் கூட்டு வியாபாரம் போல நடத்திவந்தார்கள். ஜெபநேசன் உலக வரலாறு சொல்ல, அந்தக் காலத்துக் கதையைத் தில்லைநாயகி வாசிப்பார். "ஒரு பீரியடுக்கு எதுக்கு ரெண்டு பேரு?" என்ற தலைமையாசிரியர், இன்றோடு பிரித்துவிடும் முடிவோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

ஜெபநேசன் முற்றுகையிடப்பட்ட நகரத்தின் வரைபடத்தை மாட்டினார். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். தில்லைநாயகி வாசிக்கத் தொடங்கினார். பட்டினி கிடக்கும் அந்த நகரத்தில் ஒரு ரொட்டிக்காரன், பிசைய மாவே இல்லாமல் தினமும் விடியலில் அடுப்பை மூட்டுகிறான்.

"வெறும் அடுப்ப எதுக்கு டீச்சர் எரிக்கிறான்? விறகுக்குப் பிடிச்ச கேடா?" என்றான் ஒருவன்.

"மதிலுக்கு வெளிய நிக்கிறவன் புகையப் பாக்கணும்ல. சரக்கு இல்லேன்னாலும் எங்க அத்தா ஷட்டரத் தூக்கித்தான் வைப்பாங்க," என்றாள் ஜவுளிக்கடைக்காரர் மகள் ரிஸ்வானா.

புகை எங்கிருந்து தெரியும் என்று வகுப்பே எழுந்து வந்து வரைபடத்தை மொய்த்தது. ஜெபநேசன் எத்தனையோ வருடமாக இந்த முற்றுகையை நடத்துகிறார், ஒருவரும் மதில் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பிள்ளைகளை விலக்கிக்கொண்டு தலைமையாசிரியரும் வந்து நின்றார்.

"சரி, எதிரி நம்புனானா?"

கதையில் இருக்கும் என்று ஜெபநேசன் தில்லைநாயகியைப் பார்த்தார். வரலாற்றில் இருக்கும் என்று தில்லைநாயகி அவரைப் பார்த்தார்.