இரைச்சல்

“புதுசா கத்துக்கறவங்களுக்கு இந்த சாஃப்ட்வேர் போதும் சார்,” என்றாள் ஷாசியா. சிதம்பரத்தில் எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பு நடத்துகிறவள். திரையில் ஒரு சர்க்யூட்டை வரைந்து காட்டினாள். “சால்டரிங் எல்லாம் வேணாம். கம்ப்யூட்டர்லயே ஓட்டிப் பார்க்கலாம்.”

கடலூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த மரிய ஜோசப்புக்கு அறுபது வயது. “நம்மகிட்ட இருக்கிற ஆடியோவ இந்த சர்க்யூட்டுக்குள்ள விட்டு, வடிகட்டி வெளிய வர்றதக் கேக்க முடியுமா?”

“அதுக்கு வேற இருக்கு. ஃப்ரீதான். ஆனா கத்துக்க ரெண்டு மாசமாவது ஆவும்.”

“ஆவட்டும். அதையே போட்டுக் குடுங்க.”

“இரைச்சல எடுக்கத்தானே? போன்லயே ஆப் இருக்கே சார்.”

“அஞ்சாறு ஆப் பாத்துட்டேன் மேடம். எல்லாமே தப்பானத எடுத்துடுது.”

அவர் கொடுத்த பென்டிரைவில் இருந்த ரெக்கார்டிங்கை அவள் ஓடவிட்டாள். ஓர் ஆண் குரல் கனமாக மாதா பாட்டு பாடியது. நடுவே, தூரத்தில், தட்டு வைக்கும் சத்தம். கீச்சென்று யாரோ கூப்பிடும் குரல்.

“சுலபந்தான். கனமான குரல விட்டுட்டு, கீச்சுச் சத்தத்த வெட்டிடலாம்.”

“இல்ல மேடம். கனமான குரலத்தான் வெட்டணும்.”

ஷாசியா திரும்பிப் பார்த்தாள்.

“பாடுறது நான். சாப்பிடக் கூப்பிடறது எம்பொண்டாட்டி. ரெக்கார்டிங்கக் கெடுத்துட்டியேன்னு அன்னைக்குத் திட்டினேன். அவ போயி எட்டு மாசம் ஆவுது. அவ குரல் வேற எதுலயும் இல்ல. இதுலயும் அவளப் பேச விடாம நான்தான் பாடிக்கிட்டிருக்கேன்.”