முந்நூறைத் தாண்டினால்

குடுவைக்குள், துருவத்தின் ஆழத்திலிருந்து தோண்டியெடுத்த பனித்துண்டு நொறுங்குகிறது. அதில் லட்சம் வருடமாக அடைபட்டிருந்த காற்று அளவுக் கருவிக்குள் போகிறது. பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு பனியுகத்தில் நூற்றெண்பதாக இறங்கும், பனி விலகினால் இருநூற்றெண்பதாக ஏறும். அதனால்தான் கருவியின் நெற்றியில் பழுப்பேறிய அந்தச் சீட்டு: ‘முந்நூறைத் தாண்டினால் கசிவு.’ திரையில் நானூறு. பனி அறுப்பவர் கையுறையோடு குனிகிறார். “எங்கம்மா ஓட்டை?” அளப்பவள் குடுவை மூடியின் ரப்பர் வளையத்தைத் தடவுகிறாள். மயிரிழை விரிசல். “இங்கதாண்ணே. நம்ம ரூம் காத்து உள்ள போயிருச்சு. இப்பல்லாம் வெளிக்காத்துலயே நானூத்தி இருபதுக்கு மேல இருக்கே.” “வேற துண்டு?” “அந்த ஆழத்துல இது ஒண்ணுதான் இருந்துச்சு.” அவர் சீட்டையே பார்க்கிறார். “அப்ப ஊரே கசியுதுன்னு சொல்லு.” அவள் நோட்டில் ‘கெட்டது’ என்று எழுதுகிறாள். அவர் கட்டைவிரலால் விரிசலை அழுத்திப் பிடித்துக்கொண்டே நிற்கிறார். எண் இறங்கவில்லை.