விலை ஏறாத கடைகள்

"உன் லிஸ்ட்ல இருக்கற கடை எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு. இனிமே அரிசி, எண்ணெய் எல்லாம் அங்கயே வாங்கிக்கறேன்."

கணவன் இதைக் கேட்பது இந்த மாதத்தில் மூன்றாவது முறை. தோளில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டான். ஆலையில் இரட்டை ஷிப்ட் பார்த்துப் பார்த்து அந்தத் தோள் ஒரு பக்கமாகச் சரிந்தே போயிருந்தது.

"கடைப் பேரை வெளியில சொல்லக் கூடாதுங்க. புருஷன்கிட்டகூட. சொன்னா வேலை போயிடும்."

"நல்ல வேலை போ. நீ விலை ஏறலைன்னு எழுதுவே. அதைக் காட்டி எங்க முதலாளி பஞ்சப்படி கிடையாதும்பாரு. எனக்கு எதிரி வெளியிலயா இருக்கா? வீட்டுக்குள்ளயே சமைச்சுப் போட்டுக்கிட்டு இருக்கா."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவன் சொன்னதில் பொய் இல்லை. அவள் அரசின் விலைக் கணக்குத் துறையில் களப்பணியாளர். மாதம் பிறந்தால் பட்டியலில் உள்ள இருபது கடைகளின் விலையைப் படிவத்தில் நிரப்பித் தர வேண்டும். அதனால் ஆபீசில் அவள் பெயரே விலையக்கா. அந்த விலை ஏறினால்தான் ஆலைத் தொழிலாளர்களுக்குப் பஞ்சப்படி ஏறும். பதினோரு மாதமாக ஒரு காசுகூட ஏறவில்லை. இன்று ஆண்டறிக்கை வெளியாகிறது. வெளியாகிவிட்டால் இன்னும் ஒரு வருஷத்துக்கு அதே கதைதான்.

"நான் ஒரு எழுத்துகூடப் பொய்யா எழுதலைங்க. இன்னிக்கு எப்படியாவது பேசிடறேன்," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

துறையின் தலைமை அதிகாரிக்கு ஆபீசில் வைத்திருந்த பெயர் 'சாதனை சார்'. பழுதான லிப்ட் மறுபடி ஓடினால்கூடச் சாதனை என்று சுற்றறிக்கை விடுகிற மனிதர். வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம் ஆகிறது. வீடு, கார், குளிரூட்டிய அறை, இந்த மூன்றைத் தாண்டி ஊரில் எதையும் அவர் பார்த்ததில்லை.

"சார், அந்தக் கடைங்களைப் பத்தி மூணு தடவை குறிப்பு வச்சேன்."

"ஏம்மா, விலை ஏறினாத்தானே குறிப்பு வைக்கணும்? ஏறலைன்னா சந்தோஷமா இருக்க வேண்டியதுதானே. இன்னிக்குன்னு பார்த்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க. போய் உட்காருங்க."

மூன்று குறிப்புகளும் பிரிக்கப்படாமல் அவருடைய டீக் கோப்பைக்கு அடியில் ஈரமாகிக் கிடந்தன. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறிக்கை வெளியீட்டு அறைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

பத்திரிகைக்காரர்கள் பத்துப் பேர் வந்திருந்தார்கள். அதிகாரி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"பதினோரு மாசம். இருபது கடை. ஒரு பொருள்கூட ஒரு காசு ஏறலை. உலகமே விலைவாசியில தவிக்குது, நம்ம ஊரு மட்டும் நிம்மதியாத் தூங்குது. இது நம்ம துறையோட சாதனை."

கண்ணாடி போட்ட ஒரு பெண் நிருபர் எழுந்தாள். "சார், இன்னிக்குக் காலையில நான் வாங்கின எண்ணெய் போன வருஷத்தைவிட ஒண்ணரை மடங்கு விலை."

"நீங்க ஏதோ ஒரு கடையில ஏமாந்துட்டு வந்தா அதுக்கு அரசாங்கம் என்னம்மா பண்ணும்?"

அறையே சிரித்தது. நிருபர் அசரவில்லை. "அப்ப ஏமாத்தாத கடையைக் காட்டுங்களேன்."

"அது ரகசியம். படிவத்துல நம்பர்தான் இருக்கும். கடைப் பேரு எனக்கே தெரியாது."

விலையக்கா எழுந்து நின்றாள். "சார், தலைமை அதிகாரி எழுத்துல அனுமதி குடுத்தா கடையைக் காட்டலாம்னு விதி இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டா இப்பவே எல்லாரையும் கூட்டிட்டுப் போறேன்."

அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தீங்களா, மடியில கனமிருந்தா எங்க ஸ்டாஃப் இப்படிச் சொல்லுவாங்களா? வேனை எடுக்கச் சொல்லுங்க. இந்த விலைக்கு அங்க சாமான் கிடைக்கலைன்னா, அறிக்கையை ரத்து பண்ணிட்டுப் புதுசாக் கணக்கெடுக்கறேன். பஞ்சப்படி பாக்கியும் சேர்த்துக் குடுக்கச் சொல்றேன்."

"அதையும் எழுதிடுங்க சார்," என்றாள் நிருபர்.

எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, காகிதத்தைக் கேமராக்களுக்கு முன்னால் தூக்கியும் காட்டினார். விலையக்கா அதை வாங்கி நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். பதினோரு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

வேன் கிளம்பியது. டிரைவருக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்து வழி சொன்னாள். பின்னால் அதிகாரி, எந்தக் கடை வாசலில் நின்று பேட்டி கொடுத்தால் எடுப்பாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"நேராப் போங்க. இப்ப மேல ஏறுங்க. இன்னும் கொஞ்சம். இங்கதான், நிறுத்துங்க."

வேன் மேம்பாலத்தின் நட்டநடுவில் நின்றது. பின்னால் வந்த பஸ்கள் ஹாரன் அடித்துக் காதைப் பிளந்தன.

"என்னம்மா, வண்டி ரிப்பேரா? கடை எங்க?" என்றார் அதிகாரி, ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து.

விலையக்கா கீழே இறங்கிக் கதவை அகலமாகத் திறந்து பிடித்தாள்.

"இறங்குங்க சார், இருபது கடையும் இங்கதான் இருந்துச்சு. போன வருஷம் இந்தப் பாலத்துக்காக மார்க்கெட்டை இடிச்சாங்க, கடை இல்லைன்னா கடைசியா வித்த விலையையே எழுதணும்னு நம்ம விதி, அதைத்தான் மாசாமாசம் எழுதிட்டு வர்றேன்."