ஹலினாவின் பாட்டில்

சேக்காட்டு வீட்டின் கட்டிலில் பெட்டி வாய் பிளந்து கிடக்கிறது. மின்சாரம் போனதால் விசிறி நின்றிருக்கிறது. உள்ளே அடுக்கிய சிவப்பு ரப்பர் வெந்நீர்ப் பைகளின் மேல் ஜன்னல் வெயில் பளபளக்கிறது. போர் நடக்கும் உக்ரைனில் ஒரு கிராமத்தில் தங்கித் தொண்டு செய்யும் ஷாரன், விடுப்பு முடிந்து இன்று மாலை திரும்புகிறாள். மின்சாரம் அறுந்துபோன அந்த ஊர்க் குளிரில் முதியவர்களின் கால்களுக்கு இந்தப் பைகள்தான் சூடு. பெட்டியைக் கொக்கித் தராசில் மாட்டித் தூக்குகிறாள். மறுபடியும் எடை கூடுதல். துணிகளை விலக்கினால், காலையில் அவள் எடுத்து வெளியே வைத்த அதே கண்ணாடிப் பாட்டில், கழுத்துவரை மாங்காய் ஊறுகாய். “எத்தினி வாட்டிம்மா சொல்றது? இது ஏறுனா பைங்கள இறக்கணும். அங்க வயசானவங்க குளிர்ல வெறைச்சிக் கெடக்கறாங்க, எனக்கு ஊறுகா ஒரு கேடா?” அம்மா ஞானகுமாரி பாட்டிலில் வழிந்த எண்ணெயை முந்தானையால் துடைக்கிறாள். “உனக்குன்னு யாருடி சொன்னா? அங்க உன் பக்கத்தூட்டு ஹலினாம்மா தக்காளி ஊறுகா போட்டு எனக்குக் குடுத்தனுப்புன பாட்டில்தான இது? வெறும் பாட்டிலத் திருப்பிக் குடுத்தா நம்மள இன்னான்னு நெனைப்பாங்க?” ஷாரன் தன் ஜீன்ஸையும் ஷாம்புவையும் உருவிக் கட்டிலில் எறிகிறாள். பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பைகளுக்கு நடுவே படுக்கவைக்கிறாள். ஞானகுமாரி அதன்மேல் கைவைத்துக் கண்மூடி ஜெபிக்கிறாள். “ஒழுகுச்சின்னா உன்னத்தாம்மா கேப்பேன்” என்று முனகிக்கொண்டே, ஷாரன் துண்டைப் பிரித்து மூடியை இன்னொரு முறை இறுக்குகிறாள்.