தீவில் ஒரு நேர்முகம்

"விலை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாக்காதீங்க அத்தை. இந்த நீலச் சுடிதார் உங்களுக்கு எடுப்பா இருக்கும்."

மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. தையற்கடை வைத்து ஊருக்கெல்லாம் கலர் கலராகத் தைத்துக் கொடுத்தவள், தனக்கென்று எடுத்ததெல்லாம் அழுக்குத் தெரியாத பழுப்பும் சாம்பலும்தான். கணவர் போன பிறகு கண்ணாடியைக்கூட நின்று பார்த்ததில்லை. மருமகளோ, தீவில் படகிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக அவளைக் கடைத்தெருவுக்கு இழுத்து வந்துவிட்டாள்.

"உள்தையல் பிரிஞ்சிருக்கு பாரும்மா. ஒரு தண்ணிக்குத் தாங்காது."

"நாளைக்கு ஒரு நாள் தாங்கினா போதும் அத்தை."

ஏன், நாளை மறுநாள் நான் எங்கே இருக்கப் போகிறேன்? மாமியார் பயந்தாள்.

காரணம் இருந்தது. போன வாரம் சமையலறையில் மகனும் மருமகளும் கிசுகிசுத்தது அவள் காதில் விழுந்திருந்தது. "அத்தை அங்கே போனா சந்தோஷமா இருப்பாங்க. இங்கே நாள் பூரா தனியாத்தானே கிடக்கறாங்க" என்றாள் மருமகள். "அம்மாகிட்ட யாரு சொல்றது?" என்றான் மகன். "தீவுக்குக் கூட்டிட்டுப் போய் மெதுவாச் சொல்லலாம்."

முதியோர் இல்லத்தைத் தவிர வேறெது அந்த 'அங்கே'? வெட்டப் போகிற ஆட்டுக்கு மாலை போடுகிற மாதிரி செருப்பு, கைப்பை, வெயில் தொப்பி என்று வாங்கிக் குவிக்கிறாள். பெற்ற மகனோ கூடவே வந்தும் முகம் கொடுத்தே பேசுவதில்லை.

மறுநாள் கடற்கரையில் சுடிதார் காலைச் சுருட்டிவிட்டு அலையில் நின்றாள். அத்தனை பயத்திலும் தண்ணீர் சுகமாகத்தான் இருந்தது. அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

சற்றுத் தள்ளி, குடை நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு நரைத்தலைக்காரர் செய்தித்தாளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மருமகள் அவருக்குத் தலையசைத்தாள்.

"யாரும்மா அது?"

"சாயங்காலம் நம்மகூடச் சாப்பிட வர்றார் அத்தை. உங்ககிட்டக் கொஞ்சம் பேசணுமாம்."

இல்லத்து மேனேஜரேதான். ஆளைப் பார்த்துப் பேசித்தான் சேர்ப்பார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருக்கிறாள். அப்படியானால் ஒரு வழி இருக்கிறது. தன்னிடம் பேசிவிட்டு அந்த ஆள் தலைதெறிக்க ஓட வேண்டும்.

சாயங்காலம் கடலைப் பார்த்த மேஜையில் இருவரையும் உட்கார வைத்துவிட்டு, கை கழுவுகிற சாக்கில் மருமகள் நழுவினாள்.

"காலையில சீக்கிரம் எழுந்திருப்பீங்களா?" என்று ஆரம்பித்தார் அவர்.

"கோழிக்கு முன்னாடி. நான் எழுந்தா வீட்டுல வேற யாரும் தூங்க முடியாது."

"சாப்பாடெல்லாம்?"

"உப்புக் குறைஞ்சா தட்டு பறக்கும்."

அவர் அவசரமாகத் தண்ணீர் குடித்தார். "ராத்திரி நல்லாத் தூக்கம் வருமா?"

"எனக்கு வரும். என் குறட்டையில மத்தவங்களுக்குத்தான் வராது."

"கோபம்?"

"வராத நேரத்தைக் கேளுங்க, சொல்றேன்."

அவர் வறுத்த மீனில் முள்ளை நீக்கி, சதையை அவள் தட்டுப் பக்கம் நகர்த்தினார். உபசாரமெல்லாம் சேர்க்கிற வரைக்கும்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"உங்க இடத்துல மொத்தம் எத்தனை பேரு?" என்று மடக்கினாள்.

"நான் ஒருத்தன்தாங்க. மத்த ரூமெல்லாம் சும்மாத்தான் கிடக்கு."

ஆளே சேராத இல்லம். மேனேஜரே சமைத்து, மேனேஜரே சாப்பிடுகிறார் போலிருக்கிறது.

அவர் எழுந்து போய், வாசல் பக்கம் நின்ற மருமகளிடம் ஏதோ சொன்னார். சொல்லும்போதே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மருமகள் ஓட்டமும் நடையுமாக வந்து மாமியாரின் கையைப் பிடித்தாள்.

"என்னம்மா, நான் வேண்டாம்னுட்டாரா?" நம்பிக்கையோடு கேட்டாள் மாமியார்.

"இவ்வளவு ஒளிவுமறைவு இல்லாம எந்தப் பொண்ணும் அவர்கிட்டப் பேசினதில்லையாம் அத்தை, அவருக்கு முழுச் சம்மதம். நீங்க மட்டும் சரின்னு சொன்னா, அம்மா கல்யாணத்தை நானே முன்னே நின்னு நடத்தறேன்னு உங்க பிள்ளை வெளியில நகத்தைக் கடிச்சிட்டு நிக்கறார்."