முழு விவரம் இணையதளத்தில்

"போலீஸ் கேஸ் எதுவும் இல்லேன்னு போட்டிருக்கீங்க. நெசந்தானா தம்பி?"

கேட்டவர் தேவதாசன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, கையிலிருந்த தாளில் ஒரு வரிக்குக் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்தார். தாள்கள் அத்தனையும் ஏரல் பேரூராட்சி ஏழாவது வார்டு சுயேச்சை வேட்பாளர் ஜாபேஸின் இணையதளத்திலிருந்து அச்செடுத்தவை.

ஜாபேஸுக்குப் புல்லரித்துவிட்டது. இப்படிப்பட்ட வாக்காளர்களுக்காகத்தானே அவன் தவம் கிடந்தான். போன தேர்தலில் வாங்கியது மொத்தமே நாற்பத்தோரு ஓட்டு. அன்றிலிருந்து டீக்கடையில் அவன் பெயரே 'நாப்பத்தொண்ணு' ஆகிவிட்டது. இந்தத் தடவையும் தோற்றால் கல்லறையிலும் அதைத்தான் எழுதுவார்கள்.

அதனால்தான் நண்பன் அம்மாரை வைத்து இணையதளம் தொடங்கினான். எதிர்த்து நிற்பவரின் தளத்தில் கும்பிட்ட கையும் ஒரு பாட்டும்தான் இருந்தன. ஜாபேஸோ படிப்பு, சொத்து, ரத்தச் சர்க்கரை வரைக்கும் ஒளிக்காமல் போட்டு, 'வீட்டுக்கே வந்து விசாரிக்கலாம்' என்று முகவரியும் கொடுத்திருந்தான்.

காலையில்தான் அம்மார் போனில் குதித்தான். "மூவாயிரம் பேரு பாத்திருக்காவ லே. நம்ம வார்டுல ஓட்டே ஆயிரத்து நூறுதான்."

"அப்ப ஒவ்வொருத்தரும் மூணு தடவ படிச்சிருக்காவ" என்றான் ஜாபேஸ். சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது மூன்று பேர் நேரிலேயே வந்துவிட்டார்கள். தேவதாசன், அவர் மனைவி சாலோமி, மச்சினன் ஹெப்ரான். வார்டு எல்லையை மாற்றிய பிறகு தெரியாத முகங்கள் நிறைய. எந்தத் தெரு என்று கேட்க அவனுக்கே கூச்சமாக இருந்தது.

"சத்தியமா கேஸ் இல்ல சார்."

"தென்னந்தோப்பு ஒண்ணர ஏக்கர், உங்க பேருலயா, அப்பா பேருலயா?"

"எம் பேருலதான். பட்டா நகல் கடைசித் தாள்ல இருக்கு பாருங்க."

ஹெப்ரான் பைய நெருங்கி உட்கார்ந்தார். "குடி கிடையாதுன்னு போட்டிருக்கு. கிறிஸ்துமஸுக்குக் கூடவா?"

"மோருதான் சார்."

சாலோமி யாரையும் கேட்காமல் அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்து பார்த்தாள். "தண்ணி தெனமும் வருமா?"

அடித்தது யோகம் என்று ஜாபேஸ் எழுந்து நின்றான். தாமிரபரணி பக்கத்திலேயே ஓடியும் ஏழாவது வார்டுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும் அநியாயத்தைப் பத்து நிமிடம் பேசினான். அந்த அம்மாளின் முகம் வாடிப்போனது.

"அப்ப கொடந்தான் தூக்கணும்" என்று புருஷனிடம் முணுமுணுத்தாள்.

"வாரா வாரம் கோயிலுக்குப் போறது உண்டுமா?" என்றார் தேவதாசன்.

ஜாபேஸ் உஷாரானான். ஓட்டு எல்லாப் பக்கமும் இருக்கிறதே. "நம்ம சர்ச்சு, பள்ளிவாசல், அம்மன் கோயில் கொடை, ஒண்ணு விடமாட்டேன் சார்."

மூவரும் வாசலுக்குப் போய் ஒன்றாய்க் குனிந்து குசுகுசுத்தார்கள். ஜாபேஸ் வாசல் பக்கம் காதை நீட்டினான். மூன்று ஓட்டு என்பது சாமானியமா? ஆனால் திரும்பி வந்தபோது தேவதாசன் முகம் நிறையச் சிரிப்பு.

"எங்களுக்குப் பூரண திருப்தி தம்பி. இம்புட்டு விவரம் ஒளிக்காமச் சொன்ன ஆள நாங்க பாத்ததே இல்ல."

"அப்ப உங்க மூணு ஓட்டும் எனக்குத்தான?"

"எங்களுக்கு ஓட்டு பாபநாசத்துலல்லா இருக்கு" என்றார் ஹெப்ரான்.

ஜாபேஸ் திருதிருவென்று விழித்தான். தேவதாசன் தாள்களைப் பத்திரமாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவன் தோளில் கை போட்டார்.

"அரசியல்தான் எங்களுக்கு ஆகாது. தோத்துட்டீங்கன்னா மட்டும் ஒரு போன் போடுங்க தம்பி, எங்க மக ஜெசியக் கட்டித் தாரோம்."